மாநிலத்துக்கொரு ஸ்டால் வேண்டாம்: வேலூர்ப் பக்கத்துக் கல்லூரியில் பண்பாட்டு விழா நடத்துவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. வேலூருக்குப் பக்கத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. சுமார் 2,000 மாணவர்கள். அவர்களில் முந்நூறு பேர் வெளிமாநிலம், முப்பது நாற்பது பேர் வெளிநாடு. போன ஆண்டு பிப்ரவரி 21 தாய்மொழி நாளையொட்டி விழா எடுத்தார்கள்: பதினெட்டு மேடை நிகழ்ச்சி, மாநிலத்துக்கொரு உணவு ஸ்டால், உடை அணிவகுப்பு. வெளிமாநிலத்தார் ஆடி முடித்த கையோடு ஹாஸ்டலுக்குப் போய்விட்டார்கள். உள்ளூர் மாணவரில் பாதிப் பேர் நாலரைக்கே பஸ் ஏறிவிட்டார்கள். ஒரு ஸ்டாலில் நாற்றம் என்று புகார் வந்து நடுவிலேயே மூடவேண்டியதாயிற்று. புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியர் கேட்கிறார்: இந்த முறை என்ன செய்தால் எல்லாரும் கலந்துகொள்வார்கள்?

நேராகவே சொல்கிறேன். கோளாறு மாணவரிடம் இல்லை, விழாவை அமைத்த விதத்தில் இருக்கிறது. மாநிலத்துக்கொரு ஸ்டால் என்று பிரித்த உடனே அவரவர் மேசைக்குப் பின்னால் அவரவர் போய் நின்றுவிடுகிறார்கள். காட்டுபவர் ஒரு பக்கம், பார்ப்பவர் மறுபக்கம். நாகாலாந்திலிருந்து ஒரே ஒரு பையன் படித்தால், அன்று முழுக்க அவன் தன் பெயரை இழந்து நாகாலாந்தாக நிற்க வேண்டும். மேசையை மாநிலத்தின் பெயரில் போடாமல் பொருளின் பெயரில் போடுங்கள்: சோறு, பெயர், பல்லாங்குழி, மொழிப் போராட்டம். அப்போது அணைக்கட்டு ஊர்ப் பெண்ணும் ஒடிசாப் பையனும் மேசைக்கு ஒரே பக்கத்தில் நிற்பார்கள்.

முதலில் கணக்கெடுப்பு. பன்மை என்றதும் கண் வெளிமாநிலத்தார் பக்கமே போகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் 2019 வரை ஒரே மாவட்டம். அந்தப் பழைய எல்லைக்குள் மட்டும் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வீடுகளில் உருது. குடியாத்தம், காட்பாடி, சித்தூர் எல்லையோரம் தெலுங்கு. நரிக்குறவர் பிள்ளைகளுக்கு வீட்டில் வாக்ரிபோலி. இருளர் குடியிருப்புகளிலிருந்து படிக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஜவ்வாது மலையிலிருந்து வரும் பழங்குடி மாணவரின் சான்றிதழில் 'மலையாளி' என்று இருக்கும். பட்டியல் போடுபவருக்கு இது தெரியாவிட்டால் அந்தப் பிள்ளையைக் கேரளக் குழுவில் சேர்த்து, ஓணத்துக்குப் பூக்கோலம் போடக் கூப்பிடுவார். மலையாளி என்பது அங்கே மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பழங்குடிப் பெயர், பேச்சு தமிழ்தான்.

இன்னொரு கூட்டம் எந்தப் பட்டியலிலும் வராது. தமிழ்வழியில் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்து, ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்கக் கூசும் உள்ளூர்ப் பிள்ளைகள். பல கல்லூரிகளில் வெளிமாநில மாணவரைவிட இவர்கள்தான் அதிகம் ஒதுங்கி நிற்கிறார்கள். இவர்களை விட்டுவிட்டு எடுக்கிற பன்மை விழா, ஆங்கிலம் பேசுகிறவர்களின் ஒன்றுகூடலாகத்தான் முடியும்.

விழாவுக்குப் பத்து வாரம் முன்பே ஒரு பக்கத் தாள் கொடுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். ஐந்து கேள்வி போதும்: வீட்டில் பேசும் மொழி எது? எந்த நாட்களில் வர முடியாது? எத்தனை மணி பஸ்? எதைச் சாப்பிட மாட்டீர்கள்? விழாவில் என்ன செய்ய விருப்பம்? கடைசிக் கேள்வியை 'உங்கள் மாநில நடனம் எது?' என்று மாற்றிவிடாதீர்கள். மிசோரம் மாணவருக்கு ஒலி அமைப்பில் விருப்பம் இருக்கலாம், நடனமே தெரியாமல் இருக்கலாம். சாதி, மதம் கேட்கும் கட்டம் வேண்டாம். நோன்பும் உணவும் தெரிந்தால் ஏற்பாட்டுக்குப் போதும்.

அடுத்தது தேதி. பிப்ரவரி 21 நல்ல நாள்தான், ஆனால் 2026, 2027, 2028 மூன்று ஆண்டிலும் அது ரமலான் நோன்புக்குள் விழுகிறது. அன்று பகலில் உணவுத் திருவிழா நடத்தினால் முஸ்லிம் மாணவர்கள் வெளியே நிற்க வேண்டும். இந்தப் பகுதிக் கல்லூரியில் அது சின்ன எண்ணிக்கை இல்லை. 2027-இல் அந்த நாள் ஞாயிறு வேறு, டே ஸ்காலர் வரமாட்டார். மே 21 உலகப் பண்பாட்டுப் பன்மை நாள், ஆனால் நமக்கு அது விடுமுறையும் கத்திரி வெயிலும். ஆகவே ஒரே பெருநாளாக வைக்காமல் இரண்டு அரைநாளாகப் பிரியுங்கள். உணவு சார்ந்தது பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், ஜனவரி 18-க்கும் 25-க்கும் இடையில். மொழி சார்ந்தது பிப்ரவரி 21-ஐ ஒட்டிய வேலைநாளில். இரண்டையும் காலை 10.30-க்குத் தொடங்கி 3.30-க்குள் முடித்துவிடுங்கள்.

ஏன் மாலை வேண்டாம்? ஒடுகத்தூர், அணைக்கட்டு, பேர்ணாம்பட்டு உள்கிராமங்களுக்குப் போகிறவர்கள் மாலை பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு இரண்டு மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். பெண் பிள்ளைகள் என்றால் வீட்டில் ஒப்ப மாட்டார்கள். 'லோக்கல் ஸ்டூடண்ட்ஸுக்கு ஆர்வம் இல்லை' என்று எழுதப்படும் அறிக்கைகளில் பாதி பஸ் நேரத்தைப் பார்க்காமல் எழுதியவை. ரிகர்சலுக்கும் இதே கதைதான். ஆண்கள் ஹாஸ்டலுக்கு ஒன்பது மணி, பெண்கள் ஹாஸ்டலுக்கு ஆறரை என்று இருந்தால் மாலை ஒத்திகையில் பெண்கள் தானாகவே உதிர்ந்துவிடுவார்கள். ஒத்திகையை மதிய இடைவேளையை நீட்டி வையுங்கள், அல்லது வார்டனிடம் பெயர்ப்பட்டியலோடு எழுத்தில் அனுமதி நான்கு வாரம் முன்பே வாங்குங்கள். முதல்நாள் கேட்டால் கிடைக்காது.

இனி சோற்று மேசை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உணவு ஸ்டாலில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரே ஏற்பாடு தீர்த்துவிடும். நம் பழைய சோறு வங்காளத்தில் பாந்தா பாத், ஒடிசாவில் பகாளா, அசாமில் பொய்தா பாத், கேரளத்தில் பழங்கஞ்சி. சோறு ஒன்றுதான், தொட்டுக்கொள்வதுதான் மாறுகிறது. நமக்குச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும். ஒடிசாக்காரருக்கு வடகத்தைப் பூண்டு மிளகாயோடு நொறுக்கிச் செய்யும் 'படி சூரா'. வங்காளிக்கும் அசாமியருக்கும் கடுகு எண்ணெய் ஊற்றிப் பிசைந்த உருளைக்கிழங்கு. கேரளத்தாருக்குத் தயிரும் காந்தாரி மிளகாயும். அன்று அடுப்பே தேவையில்லை. செலவு குறைவு. யாருடைய உணவு 'மேல்' என்ற பேச்சும் எழாது. வயலுக்குப் போன எல்லார் வீட்டிலும் இருந்த சாப்பாடு இது.

400 கோப்பைக்கு அளவு: புழுங்கல் அரிசி 20 கிலோ. பச்சரிசி வேண்டாம், காலையில் குழைந்து கூழாகிவிடும். 20 கிலோ வெந்தால் 50 முதல் 55 கிலோ சோறு வரும். கோப்பைக்கு 130 கிராம் கணக்கு. முதல்நாள் இரவு ஏழு மணிக்குள் வடித்து, சுத்தமான துணியில் பரப்பி ஆறவிடுங்கள். சூடாகப் பானையில் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மேலே பிசுபிசுப்பு வந்து புளிப்பும் முற்றிவிடும். ஒன்பது மணி வாக்கில், 20 லிட்டர் மண்பானை ஆறில் பிரித்துப் போட்டு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றுங்கள். குளோரின் நெடி அடிக்கும் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் புளிப்பு சரியாக ஏறாது. உப்பை இரவில் போடாதீர்கள், காலையில்தான். மேலே மெல்லிய துணி கட்டுங்கள். தை மாதக் குளிரில் 12 மணி நேரம் ஆகும். காலை 10 மணிக்குத் திறந்து பார்த்தால் நீர் லேசாக வெண்மை ஏறி, மோர் போன்ற மணம் வரும்; அதுதான் பதம். வழவழப்போ, வண்ணப் புள்ளியோ, அழுகல் வாடையோ இருந்தால் அந்தப் பானையை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். இரண்டு பானையில் மட்டும் மோர் கலக்குங்கள், மற்றவை நீராகாரமாகவே இருக்கட்டும். புதுப்பானை என்றால் ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, அரிசி கழுநீர் கொதிக்கவைத்துப் பழக்க வேண்டும்; இல்லாவிட்டால் சோறு முழுக்க மண்வாடை. பிற்பகல் 1.30-க்குப் பிறகு பரிமாற வேண்டாம்.

கடுகு எண்ணெய்க்கு அலைய வேண்டியதில்லை. சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் ஆண்டு முழுக்க வருகிறார்கள். காந்தி ரோட்டுப் பக்கம் வங்காள எழுத்தில் போர்டு வைத்த ஓட்டல்களே உண்டு, மளிகைக் கடைகளிலும் எண்ணெய் கிடைக்கும். இரண்டு லிட்டர் போதும். கடுகு, நிலக்கடலை, மீன், பால், முட்டை எது எதில் இருக்கிறது என்று ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முன்னால் அட்டை வையுங்கள். சைவக் கரண்டியும் அசைவக் கரண்டியும் வெவ்வேறு நிறத்தில் இருக்கட்டும். ஒரே நிறமென்றால் அரைமணி நேரத்தில் மாறிவிடும்.

யாராவது சூடாகவும் சமைக்க விரும்பினால், மின்சாரத்தைப் பாருங்கள். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் பாயிண்டில் ஒன்றுதான் போடலாம். வராந்தாவில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நான்கு அடுப்பைச் செருகி, ட்ரிப் ஆகி, மைக்கும் சேர்ந்து போவது வழக்கமாக நடக்கிற விபத்து. அடுப்புக்குத் தனி லைன், ஒலிக்குத் தனி லைன் என்று எலக்ட்ரீஷியனிடம் முன்பே சொல்லுங்கள். வீட்டு கேஸ் சிலிண்டரை உள்ளே விடாதீர்கள்.

நாற்றம் என்ற புகாருக்கு வருவோம். வடகிழக்கில் புளிக்கவைத்த சோயாவும் மூங்கில் குருத்தும் உயிர். 2007-இல் தில்லிக் காவல்துறை வெளியிட்ட ஒரு கையேடு, அவற்றைச் சமைத்து அக்கம்பக்கத்தில் சச்சரவு உண்டாக்க வேண்டாம் என்று வடகிழக்கு மாணவருக்கே அறிவுரை சொன்னது. பெரிய கண்டனத்துக்கு ஆளானது, நியாயமாகவே. கருவாடு வறுக்கும் வாசனைக்கு நம்மை ஒரு ஊரார் இப்படி ஒதுக்கினால் எப்படியிருக்கும் என்று யோசித்தால் போதும். விழா விதியில் ஒரு வரி சேருங்கள்: சுகாதாரக் குறைக்காக மட்டுமே ஒரு மேசையை மூடலாம், வாசனைக்காக மூட முடியாது. கூடவே ஏற்பாட்டிலும் கவனம் வேண்டும். வகுப்பறை வராந்தாவில் வைக்காமல் திறந்தவெளியில், காற்று கூட்டத்தைவிட்டு வெளியே போகும் பக்கமாக வையுங்கள். மூடிபோட்ட டப்பா, சின்னக் கரண்டி. கருவாட்டையும் புளித்த சோயாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேச்சு தானாக வரும்.

இறைச்சி விஷயத்தில் மழுப்பினால் கடைசி வாரத்தில் வெடிக்கும். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, கடைசியில் மழையைக் காரணம் சொல்லி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கிற பகுதியில் இது வெறும் ருசிப் பேச்சு இல்லை, யாருடைய அடுப்பு மதிக்கப்படுகிறது என்ற கேள்வி. என் முடிவு இது: இறைச்சிக்கு அனுமதி என்றால் எல்லா இறைச்சிக்கும் அனுமதி, தெளிவான அட்டையோடும் தனி மேசையோடும். இல்லையென்றால் மீனும் கருவாடும் உட்பட எதுவும் இல்லை. ஆட்டையும் கோழியையும் விட்டு ஒன்றை மட்டும் நீக்குவது கூடாது. ஆறு வாரம் முன்பே மெஸ் கமிட்டியில் மாணவர் பிரதிநிதிகளை வைத்துக்கொண்டு முடிவெடுத்து, எழுதி ஒட்டிவிடுங்கள். எதுவும் இல்லை என்று முடிவானாலும் பழைய சோற்று மேசை அப்படியே நிற்கும்.

பெயர் மேசை மிக எளிது, பலன் அதிகம். கையகல அட்டை. தன் பெயரைத் தன் எழுத்தில் ஒரு வரி, தமிழ் எழுத்தில் ஒரு வரி, யார் வைத்தார்கள், ஏன் என்று இரண்டு வரி. தமிழில் எழுதிக்கொடுக்க உள்ளூர் மாணவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அங்கேதான் பழக்கம் தொடங்குகிறது. மிசோ ஆண்பெயர்கள் பெரும்பாலும் 'ஆ' ஒலியிலும் பெண்பெயர்கள் 'ஈ' ஒலியிலும் முடியும். கலா, ரவி என்று பழகிய நம் காதுக்கு அது தலைகீழ். மேடையில் அறிவிப்பவர் ஆணைச் செல்வி என்றும் பெண்ணைத் திரு என்றும் கூப்பிட்டு அவையே சிரித்துவிடும். மணிப்பூர் மெய்தேய் மக்களுக்குக் குடும்பப்பெயர் முன்னால் வரும்: பளுதூக்கும் வீராங்கனை சைகோம் மீராபாய் சானுவின் பெயரில் சைகோம் குடும்பப்பெயர், சானு பெண் என்பதைக் குறிக்கும் ஒட்டு. எத்தியோப்பியருக்கு இரண்டாம் பெயர் தகப்பன் பெயர். ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசியின் அப்பா பெயர்தான் கெப்ரசெலாசி. நம் இனிஷியலும் அதே வழக்கம்தானே? குடும்பப்பெயர் என்ற கட்டத்தைப் பார்த்ததும் விழிக்கும் வேலூர்ப் பெண்ணும் எத்தியோப்பியப் பையனும் இந்த ஒரு விஷயத்திலேயே பத்து நிமிடம் பேசுவார்கள். அறிவிப்பாளருக்காக, ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லும் ஐந்து நொடிக் குரல்பதிவை மூன்று நாள் முன்பே வாங்கி, கேட்டுத் தமிழில் எழுதிப் பழகச் செய்யுங்கள்.

மொழி தடையாக இருக்கும் இடத்தில் விளையாட்டுதான் சுலபமான வழி. பல்லாங்குழிக்கு இரண்டு வரிசை, பதினான்கு குழி. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஆடும் பாவோவுக்கு நான்கு வரிசை, முப்பத்திரண்டு குழி, 64 காய். எத்தியோப்பியாவில் கெபெத்தா. எல்லாம் விதையைப் பிரித்துப் போட்டுக்கொண்டே போகும் ஒரே குடும்பம். பலகை வாங்க வேண்டாம், மரத்தடி மண்ணில் குழி தோண்டிவிடலாம். புளியங்கொட்டை இரண்டு கிலோ போதும். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு பேர், அந்த ஆட்டம் தெரியாதவர் ஒருவர் கட்டாயம் என்பதே விதி. தான்சானியா மாணவர் நம் பெண்ணுக்குப் பாவோ சொல்லிக் கொடுக்கையில், யார் விருந்தாளி யார் வீட்டுக்காரர் என்ற வித்தியாசம் காணாமல் போகும்.

மேடையைச் சுருக்குங்கள். பதினெட்டு நிகழ்ச்சி, ஒவ்வொன்றும் ஏழு நிமிடம், மாற்ற மூன்று நிமிடம் என்றால் மூன்று மணி நேரம். யாரும் உட்கார மாட்டார்கள். எட்டு நிகழ்ச்சி, ஒரு மணி இருபது நிமிடம், போதும். அவற்றில் குறைந்தது நான்கு கலப்புக் குழுக்களாக இருக்கட்டும். அறிவிப்புக்கு இந்த மண்ணிலேயே அருமையான முறை ஒன்று இருக்கிறது: தெருக்கூத்தின் கட்டியங்காரன். வருகிற பாத்திரத்தை அறிமுகப்படுத்துவதும் பார்வையாளரோடு பேச்சுக் கொடுப்பதும் அவன் வேலை. இரண்டு மாணவர் கட்டியங்காரராக வந்து, ஒருவர் தமிழிலும் மற்றவர் அவருக்கு வசப்பட்ட மொழியிலும் பேசிக்கொண்டால், ஆங்கில அறிவிப்பின் விறைப்பு போய்விடும். செய்யாற்றுக்கு அருகிலிருக்கும் புரிசை போன்ற ஊர்களில் இன்றும் கூத்துக் கலைஞர்கள் இருக்கிறார்கள். குழுவை அழைத்தால் விடிய விடிய ஆடுவதை ஒன்றரை மணியில் சுருக்கித் தரும்படி முன்பே பேசுங்கள். எந்தப் பகுதி என்று அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அரிதாரம் பூசி, கட்டை கட்டி எழுந்திருக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த நேரத்தை மூடிய அறையில் வீணாக்காதீர்கள். முகத்தில் அடிவண்ணம் காய்ந்ததும் கண்ணைச் சுற்றிக் கோடு இழுப்பதும், மரக்கட்டை அணிகலனைத் தோளில் கட்டுவதும் ஆட்டத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை. இருபது மாணவரைச் சுற்றி உட்காரவையுங்கள். கூத்துக் குழுவுக்கும் பறைக் குழுவுக்கும் சம்பளம், இருக்கை, சாப்பாடு எல்லாம் சிறப்பு விருந்தினருக்கு எப்படியோ அப்படியே. பறையடித்தவரைப் பந்திக்குப் பின்னால் நிறுத்தினால், அதைப் பார்க்கிற மாணவர் யாரும் மேடைப் பேச்சை நம்பமாட்டார்.

மிசோரத்தின் சேராவ் மூங்கில் நடனம் வைத்தால் ஒரு எச்சரிக்கை. பந்தல்காரரிடம் சொன்னால் சவுக்குக் கழி கொண்டுவந்து இறக்கிவிடுவார். அது கனம், தாளம் தவறினால் கணுக்கால் வீங்கும். காய்ந்த, உள்ளீடற்ற மூங்கில், ஒன்பது பத்தடி நீளம், கணுக்களைச் சீவித் தேய்த்தது வேண்டும். டைல்ஸ் தரையில் மூங்கில் வழுக்கும். புல்தரையோ மண்தரையோ நல்லது.

மேடை உயரத்தையும் கவனியுங்கள். சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்பது கணக்கு. மூன்றடி மேடைக்கு 36 அடி நீளச் சாய்தளம் வேண்டும். எட்டடிப் பலகையைச் சாத்தி வைத்துவிட்டு இரண்டு பேர் தூக்கிவிடுவது ஏற்பாடு ஆகாது, ஆபத்தும்கூட. மேடையை ஓரடியாகக் குறைத்தால் 12 அடி போதும், கூத்துக்கும் அந்த உயரமே பொருத்தம்.

உடை அணிவகுப்பைக் கைவிடுங்கள் என்றே சொல்வேன். நாகர் சால்வைகளில் சில, அதற்குரிய தகுதி பெற்றவர் மட்டும் போர்த்த வேண்டியவை. பூட்டானியரின் தோள்துண்டு நிறம் பதவியைச் சொல்லும். தெரியாமல் மாற்றிப் போட்டு நடந்தால் அந்தச் சமூகத்துப் பிள்ளைக்கு அது அவமானம். உடையிலும் நெற்றிக்குறியிலும் அடுத்தவர் கைவைத்தால் என்னவாகும் என்பதற்கு நம் கோட்டையே சாட்சி: தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடிக்குக் கட்டுப்பாடு இவற்றை எதிர்த்துத்தான் 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் எழுந்தார்கள். விரும்பியவர் விரும்பிய உடையில் வரட்டும். பரிசு, நடுவர், நடை எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி அரைநாளில் மொழிப் போராட்ட மேசை முக்கியம். 1952 பிப்ரவரி 21-இல் டாக்காவில் வங்க மொழிக்காக மாணவர்கள் சுடப்பட்டார்கள். அதை நினைத்தே 1999-இல் யுனெஸ்கோ தாய்மொழி நாளை அறிவித்தது. நமக்கு ஜனவரி 25 மொழிப்போர்த் தியாகிகள் நாள், சிறைப்பட்டு 1939-இல் மறைந்த நடராசனும் தாளமுத்துவும், 1965-இன் மாணவர் எழுச்சியும். அசாமின் சில்சாரில் 1961 மே 19 அன்று வங்க மொழிக்காகப் பதினோரு பேர் இறந்தார்கள். மூன்றையும் ஒரே மேசையில் வையுங்கள். இந்தி பேசும் மாணவர் இங்கே சங்கடப்படக்கூடும். திணிப்பை எதிர்த்த வரலாறு இது, இந்தியைத் தாய்மொழியாகப் பேசுகிறவரை எதிர்த்தது அல்ல என்று விளக்கும் தமிழ் மாணவர் ஒருவர் அங்கே நிற்க வேண்டும். போஜ்புரி, மைதிலி பேசுகிற பிகார் மாணவருக்குத் தன் வீட்டு மொழியைப் பற்றிச் சொல்லவும் அங்கேயே இடம் கொடுங்கள்.

இனி விழா இல்லாத நாட்கள். ஆய்வக ஜோடியையும் செமினார் குழுவையும் மாணவர் தாமே பிரித்துக்கொள்ளவிட்டால் ஊர்க்காரர் ஊர்க்காரரோடு போவார். எண் சொல்லிப் பிரித்து, ஆறு வாரத்துக்கொருமுறை மாற்றுங்கள். செமினாரில் முதல் இரண்டு நிமிடம் தமிழில் பேசலாம் என்று அறிவித்தால் தமிழ்வழிப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். வெளிமாநிலத்தாருக்கு வாரம் இரண்டு வகுப்பு, நாற்பது நிமிடம், பத்து வாரம் தமிழ் சொல்லிக் கொடுங்கள். இலக்கணம் வேண்டாம், பஸ் போர்டு போதும்: காட்பாடி, பாகாயம், தொரப்பாடி, சத்துவாச்சாரி. இந்த நான்கையும் வாசித்துவிட்டால் தமிழ் மெய்யெழுத்தில் பாதி கைக்குள் வந்துவிடும். கற்றுக்கொடுக்கும் மாணவர் பதிலுக்கு அவர் மொழியில் பத்து வாக்கியம் கற்க வேண்டும்.

முக அமைப்பையோ நிறத்தையோ வைத்துப் பட்டப்பெயர் சொல்வதை விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். முதல் முறையே எழுத்தில் பதிவு செய்யுங்கள், யாரிடம் போவது என்று பெயரும் அறை எண்ணும் நோட்டீஸ் போர்டில் தமிழ், ஆங்கிலம், இந்தியில் இருக்கட்டும். ராகிங் என்றால் தேசிய உதவி எண் 1800-180-5522 எந்த நேரமும் இயங்கும்.

கடைசியாக, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஹாஸ்டலில் தங்கிவிடுகிறவர்கள். நான்கு நாள் விடுமுறையில் ஐசாலுக்கோ இம்பாலுக்கோ போய்த் திரும்ப முடியாது. மெஸ் மூடிவிடும், காம்பஸ் வெறிச்சோடும், வெளியே கடையும் அடைத்திருக்கும். ஊரே கொண்டாடும் நாளில் பிஸ்கட்டும் நூடுல்ஸுமாகக் கழிப்பவர்கள்தான் பிப்ரவரியில் நம் மேடையில் ஆட வேண்டியவர்கள். டிசம்பர் 15-க்குள் தங்குவோர் பட்டியல் எடுத்து, மெஸ்ஸில் ஒரு சமையல்காரரை விடுமுறைச் சம்பளத்தோடு நிறுத்துங்கள். பதினைந்து பேருக்குக் குறைவென்றால் பொங்கலன்று மதியம் ஒரு வீட்டுக்கு இரண்டு பேராக டே ஸ்காலர் வீடுகளுக்கு அனுப்பலாம். வீட்டாரிடம் முன்பே கேட்டு, வார்டன் கையெழுத்தோடு, மாலை திரும்பும் பஸ் நேரத்தையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.